மின்னோட்டத்தை அளப்பதா, ஓமோனை அளப்பதா? கிழக்கில் அதிரீனல் ஆய்வு தொடங்க எந்த வழி?

சிறுநீரகத்தை அடுத்திருக்கும் அதிரீனல் சுரப்பியின் கலம் ஒன்று கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரப்பதற்கு முன்னர் அதன் மென்சவ்வில் ஒரு மின் மாற்றம் நிகழ்கிறது. மின் என்பது நரம்புக்கும் தசைக்கும் மட்டுமே உரியது என்று உயர்தர வகுப்போடு நினைத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய வியப்பு. இலங்கையின் கிழக்கில், வந்தாறுமூலையிலோ பிள்ளையாரடியிலோ, ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற ஒருவர் இந்த வியப்பில் அகப்பட்டுவிட்டால், உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: இதை இங்கிருந்தபடியே எப்படி ஆராய்வது?

கண்முன்னே உள்ள வழிகள் ஐந்து. கண்ணாடி நுண்குழாயால் கலத்தின் மின்னோட்டத்தை நேரே அளக்கும் பட்ச் கிளாம்ப் முறை. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதக் கல வரிசை. எலி. இறைச்சிக்காக அறுக்கப்படும் மாட்டின் சுரப்பி. கணினி மாதிரி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே தொடங்குகிறவர் மாட்டுச் சுரப்பியிலிருந்தும் கணினியிலிருந்தும் தொடங்க வேண்டும். பட்ச் கிளாம்ப் வசதி இல்லாவிட்டால் இந்தத் துறையே இல்லை என்று எண்ணித் தலைப்பைக் கைவிடுகிறவர்கள், தம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நல்ல கேள்விகளை இழக்கிறார்கள். ஏன் என்று விளங்க, கலத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அதிரீனல் மேற்பட்டையில் மூன்று படைகள் உண்டு. வெளிப்படை அல்டோஸ்டெரோனையும், தடித்த நடுப்படை கோட்டிசோலையும், உட்படை ஆண் ஓமோன்களின் முன்னோடிகளையும் தருகின்றன. நடுப்படைக்குக் கட்டளை கபச்சுரப்பியிலிருந்து ஏ.சி.ரி.எச். என்ற 39 அமினோ அமிலச் சங்கிலியாக வருகிறது. வெளிப்படைக்கு முதன்மையான கட்டளைகள் இரண்டு: எட்டு அமினோ அமிலங்களே கொண்ட அஞ்சியோரென்சின் 2, மற்றது இரத்தத்தின் பொற்றாசியம்.

இந்தக் கலங்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. இன்சுலின் சுரக்கும் கலம் தன் சரக்கைச் சிறு பைகளில் கட்டி வைத்திருக்கும். கட்டளை வந்ததும் பை உடையும். கோட்டிசோல், அல்டோஸ்டெரோன் போன்ற ஸ்டீரொய்ட் ஓமோன்களைச் சுரக்கும் கலத்திடம் அப்படிப்பட்ட இருப்பு இல்லை. கட்டளை வந்த பிறகுதான் கொலஸ்திரோலை எடுத்து ஓமோனாக மாற்றத் தொடங்குகிறது. அந்த வேலையில் மிக மந்தமான படி, கொலஸ்திரோலை இழைமணியின் உட்சவ்வுக்குக் கொண்டு சேர்ப்பது. அதைச் செய்யும் ஸ்டார் என்ற புரதம் 1994 இல் அடையாளம் காணப்பட்டது. ஆகவே மென்சவ்வில் நிகழும் மின் மாற்றத்தின் செய்தி இழைமணி வரை சென்று சேர வேண்டும். அந்தச் செய்தியைச் சுமப்பது கல்சியம்.

கலத்தின் உள்ளே லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமூல் பொற்றாசியம் இருக்கிறது. வெளியே 4 மட்டுமே. ஓய்வில் இருக்கும் அதிரீனல் கலத்தில் பொற்றாசியம் கசியும் கால்வாய்கள் திறந்தே கிடக்கின்றன. மாட்டின் நடுப்படைக் கலத்தில் இதற்கென இருப்பது ட்ரெக்-1 என்ற கால்வாய். பொற்றாசியம் வெளியே கசியக் கசிய உட்புறம் எதிர்மறையாகி, மென்சவ்வு ஓய்வு மின்னழுத்தத்தில் நிற்கிறது. ஏ.சி.ரி.எச். அல்லது அஞ்சியோரென்சின் வந்து தன் வாங்கியில் அமர்ந்ததும் ட்ரெக்-1 மூடிக்கொள்கிறது. கசிவு நின்றதும் மின்னழுத்தம் மேலேறுகிறது. அதுதான் முனைவழிவு. அப்போது ரி வகைக் கல்சியக் கால்வாய்கள் திறக்கின்றன. மிகச் சிறிய முனைவழிவுக்கே திறந்துகொள்வது இவற்றின் இயல்பு. உள்ளே நுழைந்த கல்சியம் ஸ்டீரொய்ட் உற்பத்தியைத் தூண்டுகிறது.

இதில் மிக அழகான இடம், கால்வாய் ஒன்று திறப்பதல்ல, மூடுவதே தூண்டலாவது. நம் முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்கும் காலத்தில் சிறு மழைக்கும் வாவியின் நீர்மட்டம் உயர்கிறதே, அதே கணக்குத்தான். வெளியேறும் வழி மூடிவிட்டால் உள்ளே வரும் சொற்பமும் பெரிய மாற்றம் செய்யும். எண்ணில் சொன்னால், ட்ரெக்-1 மூடிய பின் கலத்தின் தடை 2 கிகா ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 10 பிக்கோ அம்பியர் ஓட்டம் உள்ளே வந்தாலே அழுத்தம் 20 மில்லிவோற்று நகரும். சாதாரணத் தர ஓமின் விதி இது.

இந்தச் சங்கிலியின் பெரும்பகுதியை மாட்டின் நடுப்படைக் கலங்களில் விளக்கியவர்கள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோன் எனியார்ட் குழுவினர். ரி வகைக் கால்வாய்கள் இல்லாமல் ஏ.சி.ரி.எச். தன் முழு வேலையையும் செய்ய முடியாது என்று அவர்கள் 1993 இல் எழுதினார்கள். மனித நோயிலிருந்து வந்த சான்று இன்னும் உறுதியானது. 2011 இல், அல்டோஸ்டெரோனை மிகையாகச் சுரக்கும் அதிரீனல் கட்டிகளில் கே.சி.என்.ஜே.5 என்ற பொற்றாசியக் கால்வாயின் மரபணுவில் பிறழ்வுகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிறழ்ந்த கால்வாய் பொற்றாசியத்தோடு சோடியத்தையும் உள்ளே விடுகிறது. கலம் ஓயாமல் முனைவழிந்து கிடக்கிறது. கட்டளை இல்லாமலே அல்டோஸ்டெரோன் பெருகுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஒரு கால்வாயின் தெரிவுத்திறன் கெட்டதால் ஒரு மனிதர் மூன்று வகை மாத்திரையோடு சிகிச்சை நிலையத்தில் வரிசையில் நிற்கிறார். இந்த விடயத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வழிகளுக்கு வருவோம்.

பட்ச் கிளாம்ப் முறையை எர்வின் நேயர், பேர்ட் சாக்மன் இருவரும் 1976 இல் அறிமுகப்படுத்தினார்கள். 1991 இல் நோபல் பரிசு பெற்றார்கள். நுனி ஒரு மைக்கிரோன் அளவே விட்டமுள்ள கண்ணாடிக் குழாயைக் கலத்தின் மேல் வைத்து மெல்ல உறிஞ்சினால், கண்ணாடியும் மென்சவ்வும் கிகா ஓம் தடையோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பின் பிக்கோ அம்பியர் அளவிலான ஓட்டத்தையும் காணலாம். எந்தக் கால்வாய், எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எவ்வளவு நேரத்தில் மூடுகிறது என்ற கேள்விகளுக்கு இதற்கு நிகரான முறை வேறில்லை. இதைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் எனக்கு அறவே இல்லை.

ஆனால் விலையைப் பாருங்கள். மின் பெருக்கி, நுண்ணிய நகர்த்திகள், குழாய் இழுக்கும் கருவி, அதிர்வு தாங்கும் மேசை, மின் இரைச்சலைத் தடுக்கும் கூண்டு, தலைகீழ் நுணுக்குக்காட்டி. எல்லாம் சேர்ந்தால் பல பத்தாயிரம் டொலர் ஆகும். வாங்கிவிட்டாலும் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உப்புக்காற்றில் அந்த இணைப்புகளைத் துருப்பிடிக்காமல் காப்பது தனி வேலை. நல்ல நில இணைப்பும் தடையற்ற மின்சாரமும் வேண்டும். 2022 இன் மின்வெட்டுகளை மறந்தவர் இங்கே எவருமில்லை. கை பழகவே மாதங்கள் போகும். பழகிய பின்னும் ஒரு நாளில் ஒருசில கலங்களில் மட்டுமே முழுமையான பதிவு கிடைக்கும். ஓராண்டுத் திட்டத்துக்கு இது பொருந்தாது.

பணத்தைத் தள்ளி வைத்தாலும் இரண்டு குறைகள் எஞ்சுகின்றன. ஒன்று, இந்த முறை ஓட்டத்தை அளக்கும், சுரப்பை அளக்காது. குழாயின் நுனியில் உள்ள ஒற்றைக் கலம் எவ்வளவு கோட்டிசோல் சுரந்தது என்று அது சொல்லாது. மற்றது, முழுக் கலப் பதிவில் கலத்தின் உள்நீர் குழாயின் நீரோடு கலந்துவிடுகிறது. ட்ரெக்-1 உள்ளிருக்கும் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி.-இன் அளவைப் பொறுத்து நடந்துகொள்ளும் கால்வாய் என்பதால், குழாயில் நாம் வைத்ததே முடிவை மாற்றும். எனவே பட்ச் கிளாம்ப் வைத்திருப்போரும் ஓமோனைத் தனியாக அளந்தே தீர வேண்டும். அவர்களுடைய வேலையில் இந்தப் பாதியை நாம் இங்கேயே செய்யலாம்.

எலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலியின் அதிரீனல் கோட்டிசோலைச் சுரப்பதில்லை. அதற்கு வேண்டிய ஒரு நொதியம் அங்கே இல்லாததால் கோட்டிகோஸ்டெரோன்தான் வருகிறது. சுரப்பியின் எடை சில பத்து மில்லிகிராம் மட்டுமே. ஆய்வுக்காகவே உயிரைக் கொல்ல வேண்டும். விலங்குக் கூடமும் அறநெறிக் குழுவின் முழு அனுமதியும் வேண்டும். மரபணு மாற்றிய எலிகளோடு வேலை செய்யும் பெரிய கூடங்களுக்கு அது சரி. இங்கே தொடங்குகிறவருக்கு வேண்டாம்.

மனிதக் கல வரிசை கவர்ச்சியானது. எச்295ஆர் என்ற வரிசை ஒரு பெண்ணின் அதிரீனல் புற்றுக்கட்டியிலிருந்து வந்தது. கோட்டிசோல், அல்டோஸ்டெரோன், ஆண் ஓமோன்கள் மூன்றையும் சுரக்கக்கூடியது. இரசாயனங்கள் ஸ்டீரொய்ட் உற்பத்தியைக் குழப்புகின்றனவா என்று பார்க்க பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான ஓ.ஈ.சீ.டீ. அமைப்பு 2011 இல் ஏற்றுக்கொண்ட சோதனை நெறியும் இந்த வரிசையை வைத்தே எழுதப்பட்டது. பீடைநாசினிகளைக் கொண்டு வேளாண்மை செய்யும் மாவட்டங்களில் இருக்கும் நமக்கு இதைப் பயன்படுத்தும் கேள்விகள் நிறையவே உண்டு.

ஆனால் நம் தலைப்போடு ஒரு முரண் இருக்கிறது. எச்295ஆர் கலம் அஞ்சியோரென்சினுக்கும் பொற்றாசியத்துக்கும் நன்றாகப் பதில் சொல்லும், ஏ.சி.ரி.எச்.-க்கு மிக மந்தமாகவே பதில் சொல்லும், ஏனென்றால் அதற்குரிய வாங்கி அங்கே குறைவு. ஏ.சி.ரி.எச். எப்படிக் கால்வாயை மூடுகிறது என்று கேட்க விரும்புகிறவர் இந்த வரிசையை எடுத்தால் கேள்வியையே மாற்ற நேரிடும். அதோடு காபனீரொட்சைட்டு இன்கியுபேற்றர் இரவும் பகலும் ஓட வேண்டும். கலங்கள் மெதுவாகவே பெருகும். பங்கசு தொற்றினால் பல வார உழைப்பு ஒரே நாளில் போய்விடும். கலங்களைச் சேமிக்கத் திரவ நைதரசன் தேவை. மாடுகளின் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்குக் கால்நடை வைத்தியத் துறையினர் அதைப் பயன்படுத்துவதால், எங்கிருந்து வருகிறது என்று அவர்களிடம் விசாரிக்கலாம். உங்கள் பீடத்தில் கல வளர்ப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இது நல்ல இரண்டாம் தெரிவு. வெறும் அறையிலிருந்து தொடங்குவதாக இருந்தால் ஓராண்டும் ஏற்பாட்டிலேயே கரைந்துவிடும்.

மாட்டுச் சுரப்பிக்கு வருகிறேன்.

ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் இறைச்சிக்காக மாடு அறுக்கிறார்கள். சிறுநீரகத்துக்கு அருகில் கொழுப்புக்குள் புதைந்திருக்கும் அதிரீனலை இறைச்சிக்கு வாங்குவோர் தேடுவதில்லை. பெரிய மாட்டில் ஒரு சுரப்பி பத்துக் கிராம் அளவில் வரும். ஓர் எலியின் சுரப்பியைப் போலப் பல நூறு மடங்கு. ஆய்வுக்காக எந்த உயிரும் தனியாகக் கொல்லப்படுவதில்லை. எனியார்ட் குழுவினர் பயன்படுத்தியதும் மாட்டின் கலங்களையே. எனவே பல ஆண்டு ஆய்வுகளோடு நம் முடிவுகளை நேரடியாக ஒப்பிடலாம். மாடு கோட்டிசோலைச் சுரக்கிறது, மனிதரைப் போல. ஆட்டின் சுரப்பியும் உதவும், ஆனால் மிகச் சிறியது.

போகும் முறை முக்கியம். உள்ளூராட்சி சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கால்நடை வைத்தியர் மூவரிடமும் முதலில் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பல்கலைக்கழக அறநெறிக் குழுவுக்கும் அறிவிக்க வேண்டும். அறுக்கிற இடத்தில் அவர்களுடைய சமய ஒழுங்கு ஒன்று உண்டு. அதற்கு இடையூறு இல்லாமல் ஓரமாக நின்று, "காக்கா, சிறுநீரகத்தை எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் இந்தக் கட்டியையும் கொழுப்போடு சேர்த்துத் தாருங்கள்" என்று கேட்டால் போதும். எதற்கு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தன் தொழிலிலிருந்து ஒரு மாணவரின் படிப்புக்கு ஏதோ போகிறது என்று அறிந்தால் மனமுவந்து உதவுவோரே அதிகம். போயா தினத்தில் அறுவை இல்லை என்பதை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீரகத்தில் தங்குவது. நீங்கள் எடுக்கும் சுரப்பி அதன் பக்கத்துவீடு.

இங்கே நம்மை அதிகம் சோதிப்பது வெப்பம். சுரப்பி வெளியே வந்ததும் பனிக்கட்டி இட்ட உப்புக் கரைசலில் அமிழ வேண்டும். ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அங்கே கொழுப்பைக் களைந்து இரண்டாகப் பிளந்தால் மஞ்சள் நிற மேற்பட்டையும் அதற்குள்ளே வேறு நிறத்தில் மையவிழையமும் தெளிவாகத் தெரியும். அந்த மஞ்சள், கொலஸ்திரோல் எண்ணெய்த் துளிகளின் நிறம். மையவிழையத்தைச் சுரண்டி நீக்கி, மேற்பட்டையை மெல்லிய சீவல்களாக வெட்டி, குளுக்கோசு சேர்த்த கரைசலில் 37 பாகை செல்சியசில் வைக்கலாம். கொலாஜனேசு நொதியத்தால் தனிக் கலங்களாகப் பிரிப்பது அடுத்த கட்டம். முதல் முயற்சிக்குச் சீவல் போதும். அறுக்கப்படும் நேரத்துப் பதற்றத்தால் மாட்டின் சுரப்பி ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கும். ஆகவே ஒரு மணி நேரம் ஓமோன் எதுவும் சேர்க்காமல் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, புதிய கரைசலோடுதான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

சீவலுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 2012 இல் சுண்டெலியின் வெளிப்படைக் கலங்களைப் பற்றி வந்த ஓர் ஆய்வு, இழையச் சீவலுக்குள் இருக்கும்போது அவை தாமாகவே மின் அலைவு செய்கின்றன என்று காட்டியது. தனித்தனியாகப் பிரித்து எடுத்த கலங்கள் அப்படி நடப்பதில்லை. கூட்டத்தோடு இருக்கும் கலத்தைப் படிப்பது வசதிக்குறைவால் செய்யும் சமரசம் அல்ல. சில கேள்விகளுக்கு அதுவே பொருத்தமான வழி.

மின்கருவி இல்லாமல் மின்னழுத்தத்தை எப்படி மாற்றுவது என்று கேட்கலாம். பொற்றாசியத்தால் மாற்றலாம். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முதன்மையான செய்தி. மென்சவ்வின் இருபுறமும் உள்ள அயன் செறிவுகளிலிருந்து மின்னழுத்தத்தைக் கணிக்கும் நேர்ன்ஸ்ற் சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பாருங்கள். வெளியே பொற்றாசியம் 4 மில்லிமூலாக இருக்கும்போது அதன் சமநிலை அழுத்தம் ஏறத்தாழ மறை 95 மில்லிவோற்று. 10 ஆக்கினால் மறை 70. 20 ஆக்கினால் மறை 52. 60 ஆக்கினால் மறை 23. சிறிது சோடியமும் கசிவதால் கலத்தின் உண்மையான அழுத்தம் தாழ்ந்த செறிவுகளில் இதைவிடச் சற்று மேலே நிற்கும். ஆனால் போக்கு இதுதான். பொற்றாசியம் குளோரைட்டு ஒவ்வோர் ஆய்வுகூடத்திலும் இருக்கிறது. அழுத்தத்தை நாம் விரும்பிய இடத்துக்கு நகர்த்தி, அங்கே எவ்வளவு ஸ்டீரொய்ட் சுரக்கிறது என்று பார்க்கலாம். ஆயிரக்கணக்கான கலங்களுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கும் முனைவழிவு அது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பொற்றாசியம் குளோரைட்டை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு சோடியம் குளோரைட்டைக் குறைக்க வேண்டும். இல்லையெனில் கரைசலின் செறிவு கூடிக் கலம் சுருங்கும். ட்ரெக்-1 மென்சவ்வின் இழுவிசைக்கும் பதில் சொல்லும் கால்வாய், எனவே கணக்குக் குழம்பும். அடுத்தது, ரி வகைக் கால்வாய்கள் தொடர்ந்த முனைவழிவில் தாமே செயலிழந்துவிடும். அதனால் 60 மில்லிமூலில் கிடைக்கும் சுரப்பு 10 இல் கிடைப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே எண்ண வேண்டாம். வளைவு ஏறி இறங்கினால், அந்த இறக்கமே ஒரு செய்தி.

கால்வாய்களை வேறுபடுத்தத் தடுப்பான்கள் உள்ளன. மாட்டின் இந்தக் கலங்களிலுள்ள ரி வகைக் கால்வாயை மிகக் குறைந்த செறிவிலேயே நிக்கல் அயன் தடுக்கும். பெரிய முனைவழிவுக்குத் திறக்கும் மற்றொரு கல்சியக் கால்வாயான எல் வகையைத் தடுக்க, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிபெடிபின் போதும். கல்சியமே இல்லாத கரைசல் மூன்றாவது. நிக்கல் பயன்படுத்தும்போது காபனேற்று, பொசுபேற்று கொண்ட தாங்கற்கரைசலைத் தவிர்த்து எச்.ஈ.பி.ஈ.எஸ். வகையை எடுங்கள், இல்லையேல் வீழ்படிவு இறங்கும். நிபெடிபின் வெளிச்சத்தில் சிதையும். போத்தலை ஈயத்தாளால் சுற்றுங்கள்.

சுரந்ததை அளப்பதற்குப் பழைய வழி ஒன்று இன்றும் நிற்கிறது. 1955 இல் சஃப்ரனும் ஷாலியும் எலி அதிரீனல் துண்டுகளை ஊறவைத்த கரைசலிலிருந்து கரைப்பானால் ஸ்டீரொய்டைப் பிரித்தெடுத்து, 240 நனோமீற்றர் புறவூதாவில் அதன் ஒளி உறிஞ்சலைப் பார்த்து ஏ.சி.ரி.எச்.-இன் வலிமையைக் கணித்தார்கள். டைகுளோரோமெதேன் போன்ற ஒரு கரைப்பானும் புறவூதா ஸ்பெக்ட்ரோபோட்டோமீற்றரும் போதும். வேதியியல் கற்பிக்கும் துறையில் இவை கிடைக்காமல் போவது அரிது. கோட்டிசோலையும் கோட்டிகோஸ்டெரோனையும் இது பிரித்துக் காட்டாது; மொத்தமாகவே காட்டும். நிபெடிபினும் அதே அலைநீளத்துக்கு அருகில் ஒளியை உறிஞ்சி, கரைப்பானுக்குள்ளும் வந்துவிடும் என்பதால், அந்தச் சோதனைகளுக்கு மட்டும் பிறபொருளெதிரியால் ஓமோனை அளக்கும் எலைசா வேண்டும், அல்லது மாட்டிங்லி 1962 இல் வெளியிட்ட கந்தக அமில ஒளிர்வு முறை வேண்டும். எலைசா தட்டு விலை உயர்ந்தது. எல்லாவற்றையும் முதலில் மலிவான முறையில் பார்த்து, தெரிந்தெடுத்த மாதிரிகளை மட்டும் அதில் இட்டால் பணம் மிஞ்சும்.

ஒரு பொறியைக் குறிப்பிடாமல் போகக் கூடாது. கால்வாயைத் தடுக்கும் மருந்து கோட்டிசோலைக் குறைத்தது என்று கண்டால், அது கால்வாயால்தான் குறைந்தது என்று எழுதிவிடத் தோன்றும். அந்த மருந்து ஸ்டீரொய்ட் நொதியத்தையே தடுத்திருக்கலாம். இதைப் பிரித்தறிய 22ஆர்-ஐதரொட்சி கொலஸ்திரோல் உதவுகிறது. அது ஸ்டார் புரதத்தின் துணையின்றி இழைமணிக்குள் நுழைந்து ஓமோனாக மாறக்கூடியது. அதைக் கொடுத்தும் சுரப்புக் குறைவாகவே இருந்தால் குற்றவாளி கால்வாய் அல்ல, நொதியம். பெரிய கூடங்களில் வெளிவந்த கட்டுரைகளைப் படிக்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று தேடிப் பாருங்கள்.

இந்த வழியின் எல்லையும் தெளிவானது. ஏ.சி.ரி.எச். முனைவழிவை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. கலத்துக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறான வட்ட ஏ.எம்.பி.-ஐ உயர்த்தி நேரடியாகவும் ஸ்டார் உற்பத்தியைத் தூண்டுகிறது. எனவே பொற்றாசியம் தரும் சுரப்பு ஏ.சி.ரி.எச். தருவதற்கு ஈடாகாமல் போகலாம். அந்த இடைவெளியைக் குறையாகப் பார்க்க வேண்டாம். மின் வழிக்கு எவ்வளவு பங்கு, இரசாயன வழிக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியை எழுப்ப அதுவே அளவுகோல். ஆனால் ட்ரெக்-1 மூடியது என்று மட்டும் இந்த முறையால் நிறுவ முடியாது. அதற்கு நுண்குழாய் வேண்டும்.

அந்த இடத்தில்தான் கணினி வருகிறது. நரம்பின் மின்னோட்டத்துக்கு ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952 இல் எழுதிய சமன்பாடுகளின் வடிவத்திலேயே பொற்றாசியக் கசிவு, ரி வகை, எல் வகை என மூன்று ஓட்டங்களை வைத்து ஒரு மாதிரியைப் பைதனில் எழுதலாம். நியூரோன் என்ற இலவச மென்பொருளிலும் செய்யலாம். சாதாரண மடிக்கணினி போதும். கசிவைப் பாதியாகக் குறைத்தால் அழுத்தம் எங்கே போய் நிற்கிறது, 10 மில்லிமூல் பொற்றாசியத்தில் கல்சியம் எவ்வளவு நுழையும் என்று முன்கூட்டியே கணித்து, பின்னர் சீவலின் சுரப்போடு ஒப்பிடலாம். தனியே கணினி மாதிரியோடு நிற்பதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். அளவுருக்களைத் திருகினால் எந்த வளைவையும் வரைந்துவிடலாம். இழையம் பக்கத்தில் இருந்து மறுப்புச் சொல்லும்போதுதான் மாதிரி நேர்மையாக இருக்கும்.

ஆகவே யாருக்கு எது? இளமாணி இறுதி ஆண்டில் இருப்பவருக்கு மாட்டுச் சீவல், பொற்றாசியம், 240 நனோமீற்றர், ஒரு சிறு கணினி மாதிரி. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. முதுமாணிக்குப் போகிறவர் கொலாஜனேசால் கலம் பிரிக்கப் பழகி, ஒளிர்வு நுணுக்குக்காட்டி கிடைத்தால் பியூரா-2 சாயத்தால் கல்சியத்தையும் பார்க்கலாம். 340, 380 நனோமீற்றர் ஒளிகளை மாற்றி மாற்றிக் கொடுத்து வரும் விகிதத்தால் கல்சியத்தைக் கணிக்கும் அந்த முறை 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பீடைநாசினிகளின் பாதிப்பைக் கேட்பவரும், மனித அல்டோஸ்டெரோன் நோயைக் கேட்பவரும், கல வளர்ப்பு ஓடும் இடமாகப் பார்த்து எச்295ஆர் எடுக்கட்டும். பட்ச் கிளாம்ப் கனவு உள்ளவர் அதைக் கைவிட வேண்டியதில்லை. சீவலில் கிடைத்த முடிவோடும் கூர்மையான ஒரே கேள்வியோடும் கருவி உள்ள வெளி ஆய்வுகூடம் ஒன்றுக்கு எழுதிச் சில மாதம் போய் வரலாம். வெறுங்கையோடு பழகப் போகிறவரைவிடத் தரவோடு வருபவரை ஏற்பதே எந்த ஆய்வுகூடத்துக்கும் இலகு.

தொடங்கும் நாளில் நிக்கலும் நிபெடிபினும் வேண்டாம். ஒரே சுரப்பியின் சீவல்களை மூன்று கிண்ணங்களில் இடுங்கள்: ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் ஏ.சி.ரி.எச்., ஒன்றில் 10 மில்லிமூல் பொற்றாசியம். ஏ.சி.ரி.எச்.-க்கு மருத்துவமனைகளில் பரிசோதனைக்குப் பயன்படும் சினாக்தென் என்ற செயற்கை வடிவம் போதும். இரண்டு மணி நேரம் கழித்து மூன்றையும் பிரித்தெடுத்து அளவிடுங்கள். ஏ.சி.ரி.எச். கிண்ணம் வெற்றுக் கிண்ணத்தைவிடத் தெளிவாக உயராவிட்டால் இழையம் வழியிலேயே இறந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பனிக்கட்டியையும் பயண நேரத்தையும் சரிசெய்து, அந்தக் கிண்ணம் உயரும் வரை அதே சோதனையையே திரும்பச் செய்யுங்கள். அது உயர்ந்த பின்னர்தான் பொற்றாசியக் கிண்ணத்தின் எண்ணுக்குப் பொருள் உண்டு.